மனைவியின் காலுக்கும் பதில் சொல்பவர்

நரம்பு டாக்டரின் அறை வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். இந்த இனம் தவறாமல் கண்ணில் படும். நோயாளி இவர் இல்லை, நோயாளியின் கணவர். ஆனால் ஃபைல் இவர் மடியில், ஸ்கேன் படம் இவர் கக்கத்தில், பேசும் வாயும் இவருடையதே. பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருப்பார். தன் காலை மட்டும் அவர் கொண்டுவந்திருக்கிறார்.

“என்னம்மா செய்யுது?” டாக்டரம்மா கேட்பது மனைவியைத்தான்.

“ஒண்ணுமில்ல டாக்டர், கால் மரத்துப் போகுதாம். ஒரே இடத்துல உட்காந்தே இருந்தா வேற என்ன ஆகும்?”

“எத்தனை நாளா?”

“போன வாரந்தான்.”

“இல்லீங்க, அது வந்து...”

“நீ சும்மா இரு. உனக்கு விவரமா சொல்லத் தெரியாது.”

எனக்கு இவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். நடக்கும்போது தள்ளாடுகிறதா என்றால் எழுந்து தானே நடந்து காட்டுவார், தூக்கம் எப்படி என்றால் குறட்டை உட்பட விவரிப்பார், முட்டியில் சுத்தியலால் தட்டினால் கால் அசைவதற்கு முன்பே “பாத்தீங்களா, நல்லா அசையுது!” என்று சான்றிதழ் கொடுத்துவிடுவார். தப்பாகச் சொன்னால் நடக்க முடியாமல் போகப்போவது யார்? இவரா?

ஒருநாள் இப்படி ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா பஞ்சை எடுத்தார். “கண்ணை மூடிக்கங்கம்மா. பஞ்சு படறப்பல்லாம் ‘ஆமா’ன்னு சொல்லுங்க.”

பஞ்சு பாதத்தைத் தொட்டது.

“ஆமா!” என்றார் கணவர்.

கட்டைவிரலைத் தொட்டது.

“ஆமா, ஆமா! நல்லாத் தெரியுது டாக்டர்!”

“சார், நீங்களும் கண்ணை மூடிக்கங்க.”

மூடினார். அறையில் சத்தமே இல்லை. பாவம், பார்க்காமல் எதற்கென்று பதில் சொல்வார்? பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?” என்று கண்ணைத் திறந்தார்.

பஞ்சு மனைவியின் பாதத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாளும் கண்ணை மூடியபடி, டாக்டர் எப்போது ஆரம்பிப்பார் என்றுதான் காத்திருந்தார்.

“எவ்வளவு நாளா இப்படி இருக்கும்மா?”

அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, பழக்க தோஷத்தில் கணவரைப் பார்த்தார். அவர் வாய் திறந்துதான் இருந்தது. அந்த அம்மாள் டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

“ரெண்டு வருஷமா டாக்டர்.”

நீங்கள் இந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். எதற்கும் ஒருமுறை வீட்டில் இருப்பவரிடம், “உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். கேட்டபிறகு தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருங்கள். என்ன, “நல்லாத்தான் இருக்காங்க” என்று இப்போதே எனக்குப் பதில் சொல்லிவிட்டீர்களா?