லண்டனுக்கு மூன்று வழியனுப்பு விழாக்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கள் லண்டனைப் போல வழியனுப்பி வைக்கப்பட்ட மனிதர் இதுவரை பிறக்கவில்லை. பெரிய பெரிய அதிகாரிகளுக்கே ஒரு மாலை, ஒரு காபியோடு முடித்துவிடுவார்கள். லண்டனுக்கு மூன்று முறை மாலை, மூன்று முறை கேசரி, மூன்று முறை குரூப் போட்டோ. மூன்று முறையும் மறுநாள் காலை வழக்கம்போல டியூட்டிக்கு வந்து நின்றார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய ஒரு முதியோர் இல்லத்தில் நான் மேனேஜர். மேனேஜர் என்றால் தண்ணீர் லாரிக்கு போன் செய்வது, ஃபேனை எந்த எண்ணில் வைப்பது என்று அடித்துக்கொள்ளும் இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் பஞ்சாயத்து பேசுவது. லண்டன் அங்கே கேர்டேக்கர். பெரியவர்களைக் குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, கைபிடித்து நடத்துவது எல்லாம் அவர்தான். செய்யூர் பக்கத்துப் பெண். ஆதார் அட்டையில் அழகான வேறொரு பெயர் இருக்கிறது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்றே, "நான் இங்க ரொம்ப நாள் இருக்க மாட்டேன் சார், இதே வேலைக்கு லண்டனுக்கு விசா வாங்கப் போறேன்" என்று அறிவித்துவிட்டதால் அந்தப் பெயரை யாரும் கூப்பிடவே இல்லை. "லண்டனுக்கு வயித்து வலி", "லண்டன் மாடியில துணி காயப்போடுது" என்று நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு விருந்தாளிகள் விழிப்பார்கள்.

போவதற்கு முன்பே அந்த ஊர்க்காரராக மாறிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. அங்கே பெரியவர்களிடம் எதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டுமாம், தேர்ந்தெடுப்பது அவர்கள் உரிமையாம். ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் இல்லத்தில் காலை நாஸ்தா நேரம் ரணகளமாகிவிட்டது.

"தாத்தா, இட்லி துன்றியா, பொங்கல் துன்றியா?"

ஐந்தாம் அறையில் இருக்கும் ரயில்வே தாத்தா ஆசையோடு நிமிர்ந்து உட்காருவார். "பொங்கலே குடும்மா."

"பொங்கல் இல்ல. உப்புமாதான் கீது."

"அப்புறம் என்னத்துக்குக் கேட்டே?"

"கேக்கணும் தாத்தா. அங்க அதான் ரூலு. இப்பவே பயகிக்கணும்."

குளிருக்கும் பழகினார். சதுரங்கப்பட்டினத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஃபாக்டரியில் அவர் அண்ணனுக்கு வேலை. லீவு நாளில் லண்டன் சாப்பாட்டுத் தூக்கோடு போய், ஐஸ் பாளங்களுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கும் சித்திரை மாதத்தில் ஜலதோஷம் பிடித்துக்கொண்டு திரும்பி வந்த ஒரே ஆள் அவர்தான். அந்த வாரம் முழுக்க அவர் தும்மியதில் மூன்றாம் அறைப் பாட்டிக்கும் தொற்றிக்கொண்டது.

இத்தனை பாடு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். சம்பளத்துக்காக என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் கணவர் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கூட வேலை செய்பவர்களோடு ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார். மகள் செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லண்டன் எங்கள் ஸ்டாஃப் அறையில். மூன்று பேருக்கும் ஒரே நாளில் லீவு அமைவது குதிரைக்கொம்பு.

"இந்த விசால போனா வூட்டுக்காரரையும் பொண்ணையும் கூட்டிகினு போலாம் சார். மூணு பேரும் ஒரே வூட்ல இருக்கலாம். எனக்கு அது போதும்."

"அதுக்கு ஏம்மா அவ்வளவு தூரம்? இங்கேயே ஒரு வீடு பிடிக்கலாமே."

"புடிக்கப் போனா, வாடகை இவ்ளோன்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்க இன்னா ஆளுங்கன்னு கேக்குறாங்க சார். அங்க அத்த கேக்க மாட்டாங்களாம்."

மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

விழாக்களுக்கு வருகிறேன். எங்கள் இல்லத்தில் முக்கால்வாசிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். ஒரு ஆளை விமானம் ஏற்றி அனுப்பும் விஷயத்தில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. பெட்டியை மாட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு வைத்திருப்பவர்கள். ஊறுகாய் கசியாமல் கட்டுவது எப்படி என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தங்கள் பிள்ளைகள் போன கதைதான். பரீட்சையில் பாஸ், அடுத்தது ஃப்ளைட். லண்டனின் விசாவுக்கு நடுவில் எத்தனை படி ஏற வேண்டும் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது.

அதனால்தான் அவர் ஆங்கிலப் பரீட்சையில் தேறிய அன்றே முதல் விழாவை நடத்திவிட்டார்கள். பாடம் சொல்லிக்கொடுத்த ஒன்பதாம் அறை டீச்சரம்மா தன் கையாலேயே மாலை போட்டார்.

"எப்போம்மா ஃப்ளைட்டு?"

"கம்பெனியே இன்னும் கெடைக்கல டீச்சரம்மா."

அதற்குள் கேசரி பாதி காலியாகிவிட்டது. இரண்டாம் விழா, ஒரு ஏஜென்ட் மூலம் வேலைக் கடிதம் வந்தபோது. டீச்சரம்மாவின் மகன் அங்கேதான் இருக்கிறார். அவர் அந்த முகவரிக்குப் போய்ப் பார்த்தால், அங்கே ஒரு சலவைக் கடை இருந்தது. ஏஜென்ட்டின் போன் அன்றோடு அணைந்தது.

மூன்றாம் முறை எல்லாமே அசல். நல்ல கம்பெனி, முறையான ஸ்பான்சர்ஷிப். லண்டன் தன் மகளுக்கு ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டார். பெரியவர்கள் ஹாலில் கூடி, மாலை போட்டு, கேசரித் தட்டு கைமாறிக்கொண்டிருந்தபோது டீச்சரம்மா போனைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இந்த வேலைக்குப் போறவங்க இனிமே குடும்பத்தைக் கூட்டிக்கிட்டுப் போகக் கூடாதாம்மா. சட்டத்தை மாத்திட்டாங்களாம்."

லண்டன் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். "அப்ப நான் மட்டும் போயி அங்க யாரு கூட இருக்கறது?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. பிறகு தானே கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போனார். "தாத்தா, கேசரி வேணுமா, வேணாமா?" ரயில்வே தாத்தா வேண்டாம் என்றார். மற்றவர்களும் வேண்டாம் என்றார்கள்.

மறுநாள் டியூட்டிக்கு வந்தார். சில மாதம் கழித்து அந்தக் கம்பெனி மறுபடி கூப்பிட்டது. "சட்டம் எப்பனா மாறும் சார். ஒரு ஆளு உள்ள இருந்தாதான் மத்த ரெண்டு பேர இழுக்க முடியும்" என்றார். விழா கூடவே கூடாது, மாலை விழுந்தாலே விசா பேஜாராகிவிடுகிறது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். பெரியவர்களிடம் கல்பாக்கத்தில் வேறு வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். பின் சீட்டில் மூவரும் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போகும்போது லண்டன் என்னைத் திரும்பிப் பார்த்து, "ரயில்வே தாத்தாவுக்கு ராத்திரி மாத்தர நீங்களே குடுங்க சார், அது துப்பிடும்" என்றார்.

அங்கிருந்து குரல் செய்திகள் வரும். "சார், இங்க ஒரு பாட்டிம்மா கீது, நான்னா அதுக்கு உசுரு. டீயா காபியான்னு கேட்டேன். ரெண்டுமே கீது சார் இங்க." நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த செய்தியில் அவர் குரலில் சிரிப்பு குறைந்தது. அடுத்ததில், வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு வைக்கக் கம்பெனிக்கு இருந்த லைசென்ஸை அரசாங்கம் பறித்துவிட்டது என்றார். கெடுவுக்குள் வேறு ஸ்பான்சரைத் தேட வேண்டும். பனியில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியிருக்கிறார். எங்கும் வேலை இருந்தது, விசா தரத்தான் ஆள் இல்லை. கடைசியில் திரும்பி வந்தார். அடுத்து வெளிநாட்டிலிருந்து இந்த வேலைக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

யாரோ ஒரு அதிகாரி ஏதோ ஒரு மேஜையில் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவருக்கு எங்கள் லண்டனைத் தெரியாதே என்ற ஆதங்கம்தான்.

மறுபடி வேலைக்கு வந்த அன்று ரயில்வே தாத்தா விசாரித்தார். "என்னம்மா, கல்பாக்கம் ஒத்துக்கலையா?"

"ஒத்துக்கல தாத்தா. ஒரே குளிரு."

"கல்பாக்கத்துல குளிரா?"

"ஏசி தாத்தா."

ஏன் இந்தப் பொய் என்று தனியாகக் கேட்டேன். "போனேன்னு சொன்னா ஏன் வந்தேன்னு கேப்பாங்க சார். போவலன்னா ஒண்ணும் கேக்க மாட்டாங்க." இதைப் பத்திரிகையில் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எய்துங்க, யாரு நம்பப் போறாங்க" என்றார். அங்கே இருக்கும்போது அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடிய அந்த இங்கிலாந்துப் பாட்டியைப் பற்றி இங்கே ஒருவருக்கும் தெரியாது என்பது எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

டீச்சரம்மாவுக்குத் திருக்கழுக்குன்றத்தில் கோயில் பக்கம் சொந்த வீடு உண்டு. மகன் வருவதாக இல்லை, வீடு பூட்டியே கிடக்கிறது. சென்ற வருடம் லண்டனிடம் சாவியைக் கொடுத்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பெருக்கிவிட்டு வரச் சொன்னார். லண்டன் காலை முதல் பஸ்ஸில் போவார், விளக்கு வைத்த பிறகுதான் வருவார். ஒரு வீட்டைப் பெருக்க இவ்வளவு நேரமா என்று போன வாரம் கேட்டேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "வூட்டுக்காரரும் வருவாரு சார். பொண்ணும் ஹாஸ்டல்லேந்து வந்துடும். பெருக்கிட்டு, கட்டிகினு போன சோத்த துன்னுட்டு, கூடத்துல ஃபேனப் போட்டுகினு மூணு பேரும் படுத்துகினு கீறோம். அடுப்பெல்லாம் பத்த வைக்கறதில்ல. எதிர் வூட்டுக்காரங்க எட்டிப் பாத்தா மட்டும் எழுந்து தொடப்பத்தக் காட்டுவோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் முடியவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு, "இனிமே சனிக்கிழமையும் லீவு எடுத்துக்கோ" என்றேன்.

"எதுக்கு சார்?"

"அந்த வீட்டுக்கு ஒரு நாள் போதாது. டீச்சர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"ரெண்டே ரூமுதான் சார்."

"அது பெரிய வீடும்மா," என்றேன். "ராத்திரி தங்கிப் பெருக்கினாத்தான் முடியும்."