றோசலின் தளபாடமான வரலாறு

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் செய்த மாபெரும் சாதனை, பாடசாலைச் செலவுக்கு மாகாண அரசு விதித்த உச்சவரம்புதான். மொன்றியல் மாநகரமே மெய்சிலிர்த்திருந்தது. நிரஞ்சனிக்கு மட்டும் ஒரு சிறு மனக்குறை.

அவளுடைய மகள் சாருஜாவுக்குக் காது கேளாது. ஆசிரியர் சொல்வதையெல்லாம் பக்கத்திலிருந்து சைகையில் சொல்ல றோசலின் என்ற உதவியாளர் இருந்தார். வரம்பு வந்ததும், திங்கள் முதல் றோசலின் வேண்டாமென்று கடிதமும் வந்தது. இனிச் சாருஜாவுக்கு வகுப்பு ஊமைப்படம்.

நிரஞ்சனி நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் போனாள். அங்கே எல்லோரும் பொலித்தீன் கழற்றாத புதுக் கதிரைகளில் சுழன்றுகொண்டிருந்தார்கள். தலைவர் அனந்தராமன், சென்னைப் பொறியாளர், சற்று வேகமாகவே சுழன்றார்.

"இந்தக் கதிரையளுக்கு எங்காலை காசு, ஐயா?"

"அது தளபாட நிதிம்மா, மேஜை நாற்காலிக்குன்னே ஒதுக்கினது. அதுக்கு வரம்பு கிடையாது. றோசலின் சம்பளம் ஆள் நிதி. அது முடிஞ்சு போச்சு."

"ரெண்டு கதிரையைத் திருப்பிக் குடுத்திட்டு அவவை வச்சிருங்கோவன்."

"கதிரையை மனுஷியா மாத்த விதியில இடமில்லையேம்மா!"

நிரஞ்சனி யோசித்தாள். "மனுசியைக் கதிரையா மாத்த?"

சுழற்சி நின்றது. அனந்தராமன் விதிநூலை மூன்று தரம் புரட்டினார். கதிரைக்கு உயிர் இருக்கக் கூடாதென்று எந்தப் பக்கத்திலும் இல்லை. பயபக்தியோடு படிவத்தை எடுத்தார்.

"கதிரை ஒண்ணு, மாத வாடகைக்கு. சக்கரம் உண்டா?"

"பஸ்ஸிலதான் வாறா. உண்டெண்டு போடுங்கோ."

"மடக்கலாமா?"

"அதை நீங்கள் அந்தக் கடிதத்திலையே செய்து போட்டியள்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. திங்கட்கிழமை றோசலின் மேலங்கியில் 418 என்ற தளபாட இலக்க ஒட்டுச்சீட்டோடு சாருஜாவின் பக்கத்தில் அமர்ந்தார். அவர் கைகள் பேசின, சாருஜா சிரித்தாள்.

மறுமாதம் தளபாட ஆய்வாளர் வந்தார். 418 இருமியது. ஆய்வாளர் முகம் கறுத்தது. "பழுதான தளபாடத்தை இப்படியா வைத்திருப்பது?" அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பினார். போகும்போது ஐந்து வருட உத்தரவாதப் பத்திரமும் கொடுத்தார். மனுசியாக இருந்த ஒன்பது வருடத்தில் றோசலினுக்கு நிரந்தர நியமனம் கிடைத்ததில்லை.

அனந்தராமனுக்குக் கண் கலங்கியது. "பாத்தீங்களா, அரசாங்கத்துக்கு எவ்வளவு அக்கறைன்னு!"

"ஓம் ஐயா," என்றாள் நிரஞ்சனி. "அடுத்த வருசம் பிள்ளையளையும் மேசையெண்டு பதிஞ்சு விடுங்கோ. அப்பவாவது கவனிப்பினம்."