நான் திருடிய பிள்ளையார்

எனக்குப் பொய் சொல்ல வராது. இதை நற்குணம் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலருக்கு விசிலடிக்க வராது, சிலருக்குச் சப்பாத்தி வட்டமாக வராது. அதுபோல இதுவும் ஒரு குறைபாடு, அவ்வளவுதான். பொய்யைத் தொடங்கும்போதே காது சிவந்து, குரல் கிறீச்சிட்டு, எதிரில் இருப்பவரே பாவப்பட்டு "சரி, விடு" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த லட்சணத்தில் வாழ்க்கையில் ஒரே ஒரு முழுப் பொய் சொன்னேன். அதன் பலனாக எங்கள் குடும்பத்தில் இன்றுவரை எனக்குத் திருடி என்று பெயர்.

அப்போது நான் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். கீறல் விழுந்த பொருளில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைப்பது என் வேலை. வேலை முடிந்த பிறகும் அந்த ஸ்டிக்கர் சுருளை மனசுக்குள் வைத்துக்கொண்டே திரிவேன். கோயில் வரிசையில் குறுக்கே நுழைபவர், பாசாரில் மீனை எடை குறைத்துப் போடுபவர், கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் நழுவும் சொந்தக்காரர் என்று பாரபட்சம் பார்க்காமல் ஒட்டுவேன். (அந்த வயதில் என்னோடு பழகியவர்களின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.) ஒட்டாமல் விட்டது என் அண்ணன் ஒருவரைத்தான்.

அண்ணன் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர். பெம்பானில் தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வரிசை வீடு, அதன் முன்னால் அவர் வாங்கிய சிவப்புக் கார். எங்கள் குடும்பத்தின் முதல் கார் அது. எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜை போட்ட அன்று, முன் கண்ணாடிக்குக் கீழே ஒட்ட வைத்திருந்த உள்ளங்கை அளவுப் பிள்ளையாரை நான் கீழே போட்டுத் தும்பிக்கை நுனியை உடைத்தேன். பசை தடவி ஒட்டி, விரிசல் தெரியாமலிருக்க என் சிவப்பு நகப்பூச்சைப் பூசினேன். அன்று முதல் பிள்ளையார் சளி பிடித்தவர்போல மூக்குச் சிவந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் திட்டவில்லை. "இப்பதான் நம்ம வீட்டுப் பிள்ளையார் மாதிரி இருக்காரு," என்றார்.

பிறகு சர்க்கரை வியாதி அண்ணனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது. லோரி வேலை போனது. காரும் ஓட்ட முடியாமல் வாசலில் நின்றது. அதற்குக் கட்ட வேண்டிய தவணை மட்டும் நிற்காமல் ஓடியது. பக்கத்து வீட்டு மணியம்தான் மாற்றுச் சாவியை வைத்துக்கொண்டு, தனக்கு ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அந்தக் காரில் அண்ணனைக் கிளினிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். மணியம் எங்கள் தொழிற்சாலையில் லோரி ஓட்டுநர்.

ஒரு நாள் காலையில் அண்ணி போன் செய்தார். "கலை, வாசல்ல நின்ன காடிய காணோம்."

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பறந்தேன். அந்த வீட்டில் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதது நான்தான். (காரின் சொந்தக்காரர் அமைதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அதையாவது கவனித்திருக்க வேண்டாமா? பெரிய தரப் பரிசோதகராம்!)

"எடுத்தவன் கால் வெளங்காமப் போவட்டும்!" என்று மண்ணை வாரித் தூற்றினேன்.

அண்ணன் குனிந்து தன் வலது காலை, அதாவது கால் இருந்த இடத்தை, பார்த்தார். "சாபம்லாம் விடாதம்மா," என்றார். "அவனுக்கு என்னா கஷ்டமோ."

இப்படியும் ஒரு தங்கமான மனிதரா என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை போயிருந்தபோது, விளக்கேற்றச் சாமி மேடைப் பக்கம் போனேன். முருகன் படத்துக்குப் பின்னால், ஊதுபத்திக் கட்டுகளுக்கு நடுவில், ஒரு சிவந்த மூக்கு தெரிந்தது. எடுத்துத் திருப்பினேன். அடியில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் அப்படியே இருந்தது.

காரைத் திருடியவன் சாமியை மட்டும் பத்திரமாக வீட்டுக்குள் வைத்துவிட்டா போவான்? என் மரமண்டைக்கும் புரிந்தது. திருடு போனதாகக் காட்டி, காப்புறுதி (இன்சூரன்ஸ்) பணத்தில் தவணையை அடைக்கலாம் என்று காரை உடைக்கக் கொடுக்க அண்ணனுக்கு மனம் வந்திருக்கிறது. பிள்ளையாரை உடைக்கக் கொடுக்க வரவில்லை. எடுத்த இடத்திலேயே அவரை வைத்துவிட்டு, விளக்கை ஏற்றாமலேயே திரும்பி வந்தேன்.

அதோடு போயிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். காப்புறுதி நிறுவனம் எனக்கு மாமனா மச்சானா? ஆனால் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று போலீஸ் கேட்டிருக்கிறது. அண்ணனும் மணியம் பெயரைச் சொல்லியிருக்கிறார். மணியத்தைப் போலீஸ் நிலையத்துக்கு வரச் சொல்லி மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். விஷயம் தொழிற்சாலைக்கும் வந்தது. லோரிச் சாவியை வாங்கிக்கொண்டு, விசாரணை முடியும்வரை கிடங்கில் பெட்டி அடுக்கச் சொன்னார்கள். முடிவு சரியில்லையென்றால் அதுவும் இல்லை. கேன்டீனில் அவர் மேசையில் யாரும் உட்காரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன்.

"தங்கச்சி, ஒங்க அண்ணன் என்னைய நம்புறாரா?" என்று கேட்டார் மணியம்.

"நம்புறாரு," என்றேன். அது பொய்யில்லை. மணியம் திருடவில்லை என்பது அண்ணனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

"அது போதும் லா. மத்தவன் என்னா சொன்னா எனக்கு என்னா," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் தட்டிலிருந்த சோறு அப்படியே இருந்தது.

சொன்னால் அண்ணன் ஒற்றைக் காலோடு உள்ளே போவார். சொல்லாவிட்டால் மணியத்தின் பிழைப்பு போகும். என் சிவப்பு ஸ்டிக்கர் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் அந்த வாரம் முழுக்கத் தவித்தேன். கடைசியில் சனிக்கிழமை பெம்பானுக்குப் பஸ் ஏறினேன். "நீங்களே சொல்றீங்களா, இல்ல நான் போய்ச் சொல்லட்டுமா?" என்ற வசனத்தை வழியெல்லாம் முணுமுணுத்து ஒத்திகை பார்த்தேன். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா நான் ஏதோ மந்திரம் ஓதுகிறேன் என்று நினைத்து எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்தால் நாற்காலியில் ஒருவர். காப்புறுதி நிறுவனம் அனுப்பிய விசாரணை அதிகாரி. யாழ்ப்பாண வழிவந்தவர், நெற்றியில் திருநீறு, மடியில் கோப்பு. கோப்பின் மேலே காரின் படங்கள். அதில் ஒன்று பூஜை போட்ட அன்று நானே எடுத்தது. நட்டநடுவில் மூக்குச் சிவந்த பிள்ளையார்.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? வாயைத் திறந்தால் போதும். திறந்தேன்.

"டீ குடிச்சீங்களா சார்?" என்று கேட்டேன்.

"ஓம், குடிச்சிட்டன்," என்று எழுந்தார் அவர். "என்ர வேலை முடிஞ்சுது. சாமியைக் கும்பிட்டுட்டு வெளிக்கிடுறன்."

அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு என் மூளை பொறுப்பல்ல. "வெளக்கு ஏத்திடுறேன் சார்!" என்று கத்திக்கொண்டு அவருக்கு முன்னால் பாய்ந்தேன். பிள்ளையாரைப் பிடுங்கிக் கைப்பைக்குள் திணித்தேன். பைக்குள் ஏற்கெனவே குடை, தண்ணீர்ப் புட்டி, அண்ணிக்கு வாங்கி வந்த முறுக்குப் பொட்டலம். ஜிப் பாதி வழியில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றது.

அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். கையைத் தூக்கியதும் தோளிலிருந்த பை சாய்ந்தது. முதலில் முறுக்கு விழுந்தது. அடுத்துப் பிள்ளையார். சிமெண்டுத் தரையில் உருண்டுபோய் அவர் காலடியில் மல்லாந்து கிடந்தார்.

"இதென்ன பிள்ளை?" என்றார் அதிகாரி.

"திருடிட்டுப் போறேன் சார்," என்றேன்.

ஆரம்பித்ததை முடிக்க வேண்டுமே. "திருட்டுப் பிள்ளையார வெச்சுக் கும்பிட்டா நெனச்சது நடக்கும்னு சொல்வாங்கல்ல சார். எனக்கு இன்னும் மாப்பிள்ள அமையல. வர்றவங்க எல்லாரும் வேணாம்னு போயிடுறாங்க. அதான், அண்ணன் வீட்ல இருந்தே..."

குரல் கிறீச்சிட்டது. காது நெருப்பாக எரிந்தது. ஆனால் பொய் சொல்லிச் சிவப்பதும் வெட்கத்தில் சிவப்பதும் பார்ப்பவருக்கு ஒன்றுதான் போலிருக்கிறது. மனிதர் சிரித்துவிட்டார். "எங்கட அம்மாவும் ஒண்டு களவெடுத்து வச்சிருந்தவ," என்று குனிந்து, பிள்ளையாரை எடுத்து என் கையில் கொடுத்தார். அடியில் இருந்த டேப்பைத் திருப்பிப் பார்க்கவில்லை, கோப்பிலிருந்த படத்தோடு ஒப்பிடவும் அவருக்குத் தோன்றவில்லை. கோப்பை அக்குளில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். என் முதல் பொய் வெற்றி பெற்றுவிட்டது.

"சார்," என்று கூப்பிட்டார் அண்ணன். "உள்ள வந்து உக்காருங்க."

அவர் திரும்பினார்.

"அது என் காடியில இருந்த சாமி. காடி திருடு போவல. நான்தான் ஆள் வெச்சுக் குடுத்தேன்."

அண்ணி அடுப்படி வாசலில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். "அண்ணே, வேணாம்ணே!" என்றேன் நான், அதே உண்மையை அவரைச் சொல்லவைக்கப் பஸ் ஏறி வந்தவள்.

"என் தங்கச்சிக்குப் பொய் சொல்ல வராது சார். சின்னப் புள்ளையில இருந்தே வராது," என்றார் அண்ணன். "இன்னிக்கு எனக்காக ஒரு வெளியாளு முன்னால தன்னையே கேவலப்படுத்திக்கிட்டு நிக்குறா. என்னால பாக்க முடியல."

அண்ணன் அழுதார். நானும் அழுதேன், இந்த முறை எதற்கு என்று தெரிந்து.

காப்புறுதிக் கோரிக்கை ரத்தானது. பொய்ப் புகாருக்கு நீதிமன்றம், அபராதம் என்று அலைந்தோம். கார் அதற்குள் புலாவ் செபாங் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் துண்டு துண்டாகியிருந்தது. மணியத்துக்கு லோரி திரும்பக் கிடைத்தது. அண்ணன் ஊன்றுகோலோடு அவர் வாசலில் போய் நின்றார். மணியம் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். ஆனால் பேசவில்லை. அதன் பிறகு கிளினிக்குக் கூட்டிப்போக வரவும் இல்லை. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

அண்ணன் முந்திக்கொள்ளாமல் இருந்திருந்தால், மணியத்துக்காக நான் பேசியிருப்பேனா? பையோடு அப்படியே பஸ் ஏறிப் போயிருப்பேன் என்றுதான் பயப்படுகிறேன்.

சொந்தக்காரர்கள் வழக்கைப் பற்றித் துருவ ஆரம்பித்தால் அண்ணன் உடனே பேச்சைத் திருப்புவார். "அத விடுங்க லா. என் தங்கச்சி மாப்பிள்ள வேணும்னு என் வீட்டுப் பிள்ளையாரையே தூக்கிட்டா, தெரியுமா?" சபை சிரிப்பில் அதிரும். வருடங்கள் போகப் போக எல்லாருக்கும் கார் மறந்துவிட்டது, பிள்ளையார் மட்டும் நினைவிருந்தார். (மாப்பிள்ளையும் பிறகு அமைந்தார். பிள்ளையாரைத் திருப்பி வைத்த பிறகும் அமைந்தார் என்பதைக் கவனிக்கவும்.) நான் ஒரு தடவையும் மறுத்துப் பேசியதில்லை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது.

போன வருடம் அண்ணன் போய்விட்டார். பாடையின் முன்பக்கத்துக்கு ஆள் தேடும்போது மணியம் யாரும் கூப்பிடாமலே வந்து தோள் கொடுத்தார்.

கருமாதி முடிந்து நான் கிளம்பும்போது, வழக்கம்போல யாரோ கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்கள். "கலை கெளம்புறா, சாமியெல்லாம் சரியா இருக்கான்னு எண்ணிப் பாத்துக்குங்க!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த இடத்தில் அண்ணனின் சிரிப்புதான் எப்போதும் பெரிதாகக் கேட்கும்.

அண்ணி மட்டும் சிரிக்காமல் வாசல்வரை வந்தார். என் கைப்பைக்குள் எதையோ திணித்து, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினார்.

"இந்தத் தடவ கீழ போட்றாத," என்றார்.