ஓரளவு ஹானர்ஸ்

"மூணாவது அத்தியாயம் எங்கப்பா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"ஓரளவு முடிஞ்சிருக்கு சார்" என்றான் எதிரில் நின்றவன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முன்பெல்லாம் அவர் கண்ணாடியைக் கழற்றினால் அடுத்து இடி விழும் என்று அர்த்தம். கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமல்லவா? இப்போது கழற்றிவிட்டு அப்படியே கண்ணை மூடிக்கொள்கிறார்.

அந்தப் பையனுக்குக் கல்லூரியில் 'ஓரளவு' என்றே பெயர். படித்தாயா என்றால் ஓரளவு. புரிந்ததா என்றால் ஓரளவு. கால் இடறிக் கீழே விழுந்தவனை ஓடிப்போய்த் தூக்கி, வலிக்கிறதா என்று கேட்டபோதும் அதே பதில்தான். முழுசாக எதையும் ஒப்புக்கொள்ளாதவன், முழுசாக எதையும் மறுக்கவும் மாட்டான். பொருளாதாரம் படிக்க இதைவிடப் பொருத்தமான ஆளைத் தேடினாலும் கிடைக்காது.

பேராசிரியருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. சமநிலை. விலை ஏறினால் தேவை குறையும், குறைந்தால் ஏறும், எப்படிப் புரண்டாலும் கடைசியில் எல்லாம் சமநிலைக்கு வந்துவிடும் என்று தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடத்திய மனிதர். அவர் வாழ்க்கை மட்டும் வராமல் அடம்பிடித்தது.

உண்மையில் அவர் ஓய்வு பெற்றாகிவிட்டது. பிரிவுபசாரக் கூட்டம் போட்டு, அவரைப் பிடிக்காதவர்கள்கூடக் கண் கலங்கிப் பேசி, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலை அந்தக் கடிகாரத்தோடு அதே அறைக்கு வந்து, அதே சுவரில் ஆணி அடித்து மாட்டினார். வேறு வழி? ஹானர்ஸ் மாணவன் ஒருவன் பாக்கி இருந்தான்.

சாதாரணப் பட்டம் வாங்குவது பெரிய காரியமில்லை. வகுப்பில் குறட்டை விடாமல் தூங்கத் தெரிந்தால் போதும். ஹானர்ஸ் என்றால் அது வேறு கதை. மொத்த மதிப்பெண் உயரத்தில் இருக்க வேண்டும். பொருளாதார அளவியல் என்ற பாடத்தில் தனியாக உயரத்தில் இருக்க வேண்டும். செமினாரில் உட்கார வேண்டும், ஆய்வேடு எழுத வேண்டும், மூன்று பேர் முன்னால் நின்று அதற்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: மாணவன் முடிக்கும்வரை வழிகாட்டும் ஆசிரியர் விலகக்கூடாது, ஓய்வு, உடல்நலக் குறைவு எதுவும் காரணமாகாது.

இதை எந்தக் கொடுங்கோலன் எழுதினான் என்று கேட்டால், இவர்தான். மீசை கறுப்பாக இருந்த காலத்தில், ஒரு கிழ ஆசிரியர் தன் மாணவனை நட்டாற்றில் விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கொதித்துப்போய் எழுதியது.

"நீங்க எழுதின விதிய நான் மீறலாமாங்க? எனக்கு என்ன தைரியம்?" என்று டீன் கையை விரித்துவிட்டார். அவருக்கும் இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு. யார் வம்புக்கும் போவதாக இல்லை.

பேராசிரியரின் ஆசை சின்ன ஆசைதான். வீட்டில் உட்கார வேண்டும். மனைவியோடு காலையிலிருந்து ராத்திரிவரை கூடவே இருக்க வேண்டும். சும்மா இருக்க மாட்டார். அந்த வீட்டைச் சீர்திருத்துவதற்கு அவரிடம் திட்டங்கள் இருந்தன. போன விடுமுறையில் அடுக்களையைக் கையில் எடுத்து, எந்த டப்பா எத்தனை தடவை திறக்கப்படுகிறது என்று பக்கத்தில் நின்று கவனித்து, அதன்படி எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினார். உப்பு டப்பா இன்றுவரை அகப்படவில்லை. "புதுசு ஒண்ணு வாங்கிட்டேங்க, அத விடுங்க" என்றாள் மனைவி. இப்படிப்பட்ட பொறுமைசாலியைத் தனியே விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறோமே என்று அவர் தினமும் வருந்தினார்.

"டேய், உண்மையச் சொல்லு" என்றார், கண்ணைத் திறக்காமலே. "உனக்கு இத முடிக்கிற எண்ணம் இருக்கா இல்லையா?"

"ஓரளவு இருக்கு சார். முடிச்சா மாமா சிமெண்ட் கடையில உக்கார வச்சிருவாரு. அதான் கொஞ்சம் நிதானமா..."

"உன் நிதானத்துல நான் போய்ச் சேந்துருவேன்டா."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார். அதுக்கும் விதி இடம் குடுக்கல."

இந்தப் பையனிடம் அவருக்குப் பிடிபடாத விஷயம் இது ஒன்றுதான். பாடப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிப்பவன் ஹானர்ஸ் விதிகளை மட்டும் கரைத்துக் குடித்திருந்தான்.

முதல் சிக்கல் அளவியலில் வந்தது. மதிப்பெண் மயிரிழையில் குறைந்துபோயிற்று. பேராசிரியர் டீனிடம் நடையாய் நடந்து, அதற்குப் பதிலாகக் கணிதத் துறையில் ஒரு பாடம் படித்தால் போதும் என்று அனுமதி வாங்கி வந்தார். பையன் சேர்ந்தான். தேறியும்விட்டான் என்றால் நம்ப மாட்டீர்கள். ஆனால் அந்த வகுப்பு நடந்த நேரமும் செமினார் நேரமும் ஒன்று.

"செமினாருக்கு வராம இருந்தா ஹானர்ஸ் கிடையாதே சார்" என்று பையன்தான் நினைவூட்டினான்.

"சரி, உனக்காகச் செமினார இன்னொரு தடவ விடியக்காலையில வச்சுக்கலாம்."

"நாலு பேராவது கேக்க வரணுமாம் சார். ஆள் இல்லாத செமினார் செமினாரே இல்லையாம்."

"எங்க இருக்கு அப்படி?"

"கையேட்டுல அடிக்குறிப்பு சார்."

எடுத்துப் பார்த்தார். இருந்தது. தன்னுடைய நடையே என்று அடையாளம் தெரிந்தது. 'விவாதம் உயிரோடு இருக்கும்பொருட்டு' என்று ஆரம்பித்திருந்தார். இளமையில் மனிதன் எவ்வளவு அநியாயம் செய்துவிடுகிறான்.

விடியற்காலையில் எந்த மாணவன் வருவான்? அட்டெண்டரையும், நூலகரையும், கேன்டீன்காரரையும், கேட்டில் நிற்கும் காவலாளியையும் கெஞ்சிக் கூட்டி வந்து உட்கார வைத்தார். பையன் எழுந்து தன் ஆய்வைப் படித்தான். தலைப்பு: 'வரிசையில் நிற்பதன் விலை.' ஒரு டீக்காக வரிசையில் நிற்பவன் டீயின் விலையோடு தன் நேரத்தையும் சேர்த்துக் கொடுக்கிறான் என்பது அதன் சாரம். காவலாளி நன்றாகத் தூங்கினார். எல்லாம் சுபமாக முடிகிற நேரத்தில் பையன், "யாருக்காவது சந்தேகம் இருந்தா தயங்காமக் கேளுங்க" என்றான்.

பேராசிரியர் பாய்ந்தார். "இவங்களுக்கென்னப்பா சந்தேகம், எல்லாம் தெளிவாத்தான்..."

"எனக்கு ஒண்ணு இருக்குங்கய்யா" என்று அட்டெண்டர் எழுந்தார். "நானும்தான் நாள் பூரா உங்க ரூம் வாசல்ல நிக்கிறேன். எனக்கு முன்னாலயும் ஆள் இல்ல, பின்னாலயும் ஆள் இல்ல. அது வரிசையில சேத்தியா?"

"வரிசையில ஊடால நுழையறானே, அவனுக்கு என்ன விலை போடுவீங்க?" என்றார் கேன்டீன்காரர். நெடுநாளாக மனதில் வைத்திருந்த கேள்வி போலிருந்தது.

"அருமையான கேள்விங்க" என்று பையன் இரண்டையும் பவ்யமாகக் குறித்துக்கொண்டான்.

"எதுக்குடா குறிச்சுக்கிற?"

"செமினார்ல எழுந்த கேள்விக்கெல்லாம் ஆய்வேட்டுல பதில் இருக்கணும் சார். இல்லன்னா ஏத்துக்க மாட்டாங்க."

அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடி, ஊரில் உள்ள வரிசைகளில் எல்லாம் பையன் போய் நின்றான். பேருந்து நிலையத்தில் நின்றான், மருந்துக் கடையில் நின்றான், மின்சார அலுவலகத்தில் நின்று நின்று அங்கேயே இரண்டு நண்பர்களைச் சம்பாதித்தான். பருவம் ஒன்று கழிந்தது. ஆய்வேடு தலையணை கனத்துக்கு வந்து நின்றது.

"பக்க வரம்பத் தாண்டிருச்சு சார்" என்றான், வருத்தமாக. ஓரளவு வருத்தமாக.

"குடுடா இப்படி!" என்று பிடுங்கி, பேராசிரியரே உட்கார்ந்து வெட்டினார். மூன்றாவது அத்தியாயத்தில் வெட்டிய இடங்களை ஒட்டவைக்க இரண்டு பத்தி எழுதினார். பழக்கதோஷம், இரண்டு பத்தி இருபது பக்கமாயிற்று. பையன் மரியாதையாக வாங்கிப் படித்தான்.

"ரொம்ப நல்லாருக்கு சார். ஆனா வழிகாட்டி எழுதின ஒரு வாக்கியம் உள்ள இருந்தாலும் தள்ளுபடின்னு..."

"தெரியும், தெரியும். சொல்லித் தொலைக்காத."

மூன்றாவது அத்தியாயத்தை முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. அந்த அத்தியாயத்தைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனால் மனைவி ஒரு சொல் கடுமையாகச் சொல்ல மாட்டாள்.

"என்னங்க, ஆச்சா?"

"எங்க ஆச்சு? இன்னும் இழுத்துக்கிட்டே கிடக்கு."

"போகட்டும், விடுங்க. சின்னப் பையன், பாவம். அவசரப்படுத்தாதீங்க."

"உன்ன இப்படிக் காக்க வைக்கிறேனேன்னுதான்மா எனக்கு..."

"நான் இருப்பேங்க. எனக்கென்ன?"

ஞாயிற்றுக்கிழமைகளில் பையனை வீட்டுக்கே வரச் சொன்னார். ஒரு பக்கம் புரட்டுவதற்குள் அவருக்குக் கண் சொருகிவிடும். சாய்வு நாற்காலியில் அவர் தூங்கி எழும்போது பையன் அடுக்களையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, பெற்ற பிள்ளையிடம் பேசுவதுபோல் தாழ்ந்த குரலில் புத்தி சொல்லிக்கொண்டிருப்பாள். பிள்ளையில்லாத வீடு, அவள் மனசு அப்படி.

ஒருவழியாக மூன்றாவது அத்தியாயம் வந்து சேர்ந்தது. வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். டீன், பேராசிரியர், துறைக்கு வெளியிலிருந்து ஒருவர் என்று கணிதப் பேராசிரியர். மூவரும் உட்கார்ந்தார்கள். டீன் தொண்டையைக் கனைத்தார். பையன் கையைத் தூக்கினான்.

"ஒரு சின்ன விஷயம் சார். வெளியிலேர்ந்து வர்றவர் எனக்குப் பாடம் எடுத்திருக்கக் கூடாதாம். இவரு அளவியலுக்குப் பதிலா எனக்குக் கணக்கு எடுத்தாரே."

கணிதப் பேராசிரியர் மகிழ்ச்சியோடு எழுந்து போய்விட்டார்.

பேராசிரியர் நடைகூடத்துக்கு ஓடினார். அவர் ஓடி மாணவர்கள் பார்த்ததில்லை. சிலர் வழிவிட்டார்கள், சிலர் தீப்பிடித்துவிட்டது என்று தாங்களும் ஓடினார்கள். எதிரே விலங்கியல் பேராசிரியர் மூடி போட்ட ஒரு கண்ணாடி ஜாடியோடு வந்துகொண்டிருந்தார்.

"அந்தப் பையனுக்கு நீங்க எப்பவாவது பாடம் எடுத்திருக்கீங்களா?"

"எந்தப் பையன்?"

"அது போதும், வாங்க" என்று ஜாடியோடு சேர்த்து இழுத்து வந்து நாற்காலியில் அமர்த்தினார்.

விலங்கியல்காரர் ஆய்வேட்டின் அட்டையை மட்டும் பார்த்தார். ஜாடியை மேசைமேல் வைத்தார். உள்ளே எறும்புகள்.

"தம்பி, எனக்குப் பொருளாதாரம் தெரியாது. இதுங்களும்தான் வரிசையா போகுது. இதுல ஒண்ணுகூட ஏன் முந்திக்கிட்டுப் போக மாட்டேங்குது?"

"ஓரளவு..." என்று ஆரம்பித்த பையன் நிறுத்தினான். ஜாடிக்குள் குனிந்து பார்த்தான். மின்சார அலுவலகத்தில் கால் கடுக்க நின்றதெல்லாம் அவன் முகத்தில் வந்து போயிற்று. "அது வரிசையே இல்ல சார்!" என்றான். "வரிசைன்னா முன்னால நிக்கிறவனுக்குக் கிடைக்கிறது பின்னால நிக்கிறவனுக்குக் கிடைக்காமப் போகணும். இதுங்க கொண்டுபோறது எல்லாமே ஒரே வீட்டுக்கு. முந்தி என்ன லாபம்? நேரத்துக்கு எப்ப விலை வருதுன்னா..."

அதற்கப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. கரும்பலகையில் கோடு போட்டான், அழித்தான், மறுபடி போட்டான். அட்டெண்டர் கேட்ட கேள்விக்கும் பதில் சொன்னான். ஒரு தடவைகூட ஓரளவு என்று சொல்லவில்லை. அந்தக் கல்லூரிக்கு வந்த காலத்திலிருந்து இப்படி ஒரு பேச்சைப் பேராசிரியர் கேட்டதில்லை.

"போதும்பா" என்று டீன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஹானர்ஸ். எல்லாருக்கும் சம்மதம்தானே? வாழ்த்துக்கள்!"

பையன் அப்போதுதான் சுயநினைவுக்கு வந்தவன்போலச் சுற்றிலும் பார்த்தான். முகம் வெளுத்துப்போயிற்று. கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது. சந்தோஷம் சிலருக்கு இப்படித்தான் தாக்கும் என்று பேராசிரியர் அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

"நட, வீட்டுக்குப் போவோம். முதல்ல அவகிட்ட சொல்லணும்."

"நான் எதுக்கு சார்... நீங்களே சொல்லிருங்களேன்."

"உன்னப் பெத்த பிள்ளையாட்டம் பாத்துக்கிட்டவடா. வாடா!"

புத்தகக் கட்டுகள் இரண்டை அவன் கையில் கொடுத்து, இரண்டைத் தாம் தூக்கிக்கொண்டு, பத்து வயது குறைந்தவர்போல நடந்தார். வழியெல்லாம் திட்டங்கள் சொன்னார். நாளைக் காலையிலேயே அடுக்களையில் ஆரம்பித்துவிட வேண்டும். துணி அலமாரி, அப்புறம் அவள் கடைக்குப் போகிற நேரத்தைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்த வேண்டும். பையன் பின்தங்கிப் பின்தங்கி வந்தான்.

மனைவி கதவைத் திறந்தாள்.

"முடிஞ்சுதும்மா! பாஸ் பண்ணிட்டான்! இனிமே நாள் முழுக்க உன்கூடத்தான்!" என்றார் பேராசிரியர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் புத்தகக் கட்டுகளோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றவனையே பார்த்தாள்.

"ஏண்டா தம்பி, ஞாயித்துக்கிழமை தவறாம அடுப்படியில உக்கார வச்சு, ஒரு விதி விடாம அவ்வளவு சொல்லிக் குடுத்தேனே... கடைசியில இப்படிப் பாஸ் பண்ணிட்டு வந்து நிக்கிறியே!"