பச்சோந்தி சிவந்த நாளெல்லாம் வெயில்

ஒரு காட்டில், கடற்காற்று எட்டிப் பார்க்கும் தூரத்தில், ஓர் ஏரி இருந்தது. ஏரி என்றதும் தண்ணீரை நினைத்துக்கொள்ள வேண்டாம். வெடித்த மண், கூழாங்கல், ஓரமாக நாலைந்து கருவேல மரம். அவ்வளவுதான் ஏரி.

அந்தக் காட்டுக்கு ராஜா ஒரு சிங்கம். ராஜாவுக்குச் செயலாளர் ஒரு நரி. இது எல்லாக் காட்டிலும் உள்ள ஏற்பாடுதான், அதனால் இதற்கு மேல் விளக்கப் போவதில்லை. இந்தக் காட்டில் மட்டும் கூடுதலாக ஒரு பச்சோந்தி இருந்தது. பெயர் வண்ணமணி. வேலை, வானிலை அறிவிப்பு.

ஏரிக்கரையில் நின்ற ஒற்றைப் பனையின் உச்சிதான் வண்ணமணியின் அலுவலகம். மழை என்றால் மஞ்சளாவான். பெருமழை என்றால் ஆரஞ்சு. புயல் என்றால் சிவப்பு. ஒன்றும் இல்லையென்றால் பச்சை என்று விதி இருந்தது. ஆனால் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவன் பச்சையாக இருந்து யாரும் பார்த்ததில்லை. பச்சையாக உட்கார்ந்திருந்தால் யார் நிமிர்ந்து பார்க்கப் போகிறார்கள்?

நாளைய மழையைச் சொல்வதை அவன் கௌரவக் குறைச்சலாக நினைத்தான். "நாளைக்கு மழை வரும்னு எறும்புகூடச் சொல்லிடும். நான் அடுத்த மாசத்துப் புயலைச் சொல்றவன்" என்பான்.

அவன் கணிக்கும் முறையும் தனி. பச்சோந்திக்கு இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் சுழலும் அல்லவா? "என் வலது கண்ணோட கணக்குப்படி புயல் வடக்கே போகுது. இடது கண்ணோட கணக்குப்படி தெற்கே போகுது. ரெண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தா நேரா நம்ம காட்டுக்குத்தான் வருது" என்று அறிவிப்பான். கீழே நிற்கும் விலங்குகள் "அடேயப்பா" என்று வாயைப் பிளக்கும். உடனே புயலுக்குப் பெயர் வைக்கும் சடங்கு நடக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு விலங்குக்கு அந்த உரிமை. முயல் ஒரு புயலுக்கு 'அறுகு' என்று பெயர் வைத்தது. கரடி 'தேனடை' என்று வைத்தது. பிள்ளையே பிறக்காத வீட்டில் பெயர்சூட்டு விழா மட்டும் விமரிசையாக நடந்துகொண்டிருந்தது.

சொன்ன தேதி வந்ததும் வண்ணமணி வாலிலிருந்து மூக்குவரை சிவந்து நிற்பான். காட்டுக்கு விடுமுறை. எல்லோரும் மேட்டுப்பாறை முகாமுக்குப் போய்விட வேண்டும். அங்கே நரி வரிசையில் நிறுத்தித் தீனி கொடுக்கும். குட்டிகள் பாறையில் சறுக்கி விளையாடும். வானத்தில் பளபளவென்று வெயில் அடிக்கும்.

மான்களுக்கு இந்தச் சிவப்பு நாட்கள் கொள்ளைப் பிரியம். மற்ற நாட்களில் தினம் ஒருவர் முறை வைத்து ராஜாவின் மதிய உணவாகப் போக வேண்டும். சிவப்பு நாளில் அது கிடையாது. முந்தின நாளே ராஜா இரண்டு பேராகச் சாப்பிட்டுவிடுவார் என்பது உண்மைதான். கூட்டிக் கழித்தால் எல்லாம் ஒன்றுதான். ஆனால் விடுமுறை என்றால் யார் உட்கார்ந்து கூட்டிக் கழிக்கிறார்கள்?

இந்த ஏற்பாட்டால் நொந்துபோனது ஒரே ஒரு குடும்பம். ஏரிக்குள் வெறுந்தரையில் முட்டையிட்டு வாழும் ஆள்காட்டிக் குருவி பேச்சியும் அவள் புருஷன் முத்திருளனும்தான் அது. முதல் சிவப்பு நாளில் முட்டைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். திரும்பி வந்தால் ஓடுதான் கிடந்தது. முகாமுக்குப் போகாமல் பின்தங்கிய கீரி, வயிற்றைத் தடவிக்கொண்டே "என்னம்மா, புயல் பலமோ?" என்று விசாரித்தது. அடுத்த முறையும் ஓடினார்கள். அடுத்த முறையும் ஓடுதான்.

பேச்சி அன்று அழுத அழுகையைக் கேட்டிருந்தால் யாருக்கும் மனசு கரைந்திருக்கும். கேட்கத்தான் யாரும் இல்லை, எல்லோரும் முகாமில் பந்தியில் இருந்தார்கள்.

மூன்றாம் முறை முட்டையிட்டபோது பேச்சி ஒரு முடிவெடுத்தாள். "இனிமே இவன் சிவந்தான்னு ஓட மாட்டேங்க. இவன் சொல்றதுல எது நடக்குது, எது நடக்கலைன்னு முதல்ல பாக்கணும்" என்றாள்.

"எப்படிப் பாப்ப?" என்றான் முத்திருளன்.

"அவன் புயல்னு சொல்றப்பல்லாம் கூட்டுக்குக் கிழக்கே ஒரு கல்லைப் போடுவேன். சொன்ன புயல் வந்துச்சுன்னா அந்தக் கல்லை மேற்கே தள்ளிடுவேன். அவ்வளவுதான் கணக்கு."

அதுவரை வந்த அறிவிப்புகளையும் நினைவுபடுத்தி அவள் கற்களைப் போட்டாள். அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும் போட்டாள். கிழக்கே ஒரு குவியல் எழும்பியது. மேற்கே மண்தான் இருந்தது. முத்திருளன் இளகிய மனசுக்காரன். 'தேனடை' வருவதாகச் சொன்ன நாளைக் காட்டி மெதுவாக, "அன்னைக்கு நாலு சொட்டு விழுந்துதே புள்ள. பாவம், ஒரு கல்லைத் தள்ளலாமே" என்றான்.

"அது மேல போன கொக்கு போட்டதுங்க" என்றாள் பேச்சி.

கணக்கு தெளிவாகிவிட்டது. பேச்சி நேராக ராஜசபைக்குப் போனாள். புருஷனை முட்டைமேல் உட்கார வைத்துவிட்டுத்தான் போனாள், கீரியை மறக்கவில்லை.

"மகாராஜா, ஏரிக்குள்ள வந்து பாருங்க. வண்ணமணி சொன்ன புயலெல்லாம் கிழக்கே மலை மாதிரி கிடக்கு. வந்த புயலுக்கு மேற்கே ஒரு கல்லுகூட இல்லீங்க. இவன் பேச்சைக் கேட்டுத்தான் நான் ரெண்டு ஈடு முட்டையைப் பறிகொடுத்தேன்."

வண்ணமணி மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஒரு நிறத்தில் நின்றான். ராஜா பிடரியைச் சிலிர்த்தபடி நரியைப் பார்த்தார். நரி அவர் காதில் ஏதோ சொன்னது. ராஜாவின் முகம் மலர்ந்தது.

"பேச்சி, நீ மிகப்பெரிய உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறாய்" என்றார் ராஜா, மேடைப் பேச்சுக் குரலில். "இத்தனை புயல்கள் நம் காட்டைத் தாக்கப் புறப்பட்டன. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. அப்படியென்றால் அவற்றைத் தடுத்தது யார்?"

பேச்சிக்குப் புரியவில்லை. சபைக்குப் புரிந்துவிட்டது. "ராஜா! ராஜா!" என்று மான்கள் கத்தின. தடுப்பு நடவடிக்கை எடுத்தவர் ராஜா. புயல்கள் திரும்பிப் போனதற்குச் சாட்சி ஏரிக்குள் கிடக்கும் கற்கள். சாட்சியைச் சேகரித்தவள் பேச்சி. அவளுக்கு அங்கேயே ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அது ஒரு வாழைச் சருகு. அதற்குள் அவள் முழுதாக மறைந்துபோனாள்.

ஏரியின் நடுவே, பேச்சியின் குவியல் இருந்த இடத்திலேயே, 'புயல் தடுத்த கோமான்' நினைவு மேடு எழுப்ப உத்தரவானது. விலங்குக்கு இத்தனை கல் என்று விதிக்கப்பட்டது. யானைகள் பாறையே கொண்டுவந்தன. மேடு கருவேல மரங்களின் பாதி உயரத்துக்கு எழும்பியது. ராஜா ஏறிப் போகச் சாய்வாக ஒரு பாதை போட்டு, அதில் கோரைப்பாய் விரித்தார்கள். உச்சியில் ராஜாவின் சிலையை நிறுத்த வழவழப்பாக ஒரு குழி விட்டார்கள். சிலை செய்யும் குரங்கு, பிடரியில் சிக்கல் இருக்கிறது, திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது.

அடுத்த பௌர்ணமிக்குத் திறப்பு விழா என்று நாள் குறித்தார்கள். நரி பனைமரத்தடிக்கு வந்து, "வண்ணமணி, விழா நாளுக்கு என்ன கணிப்பு?" என்று கேட்டது.

வண்ணமணி கண்களைச் சுழற்றினான். இடது கண் கடல் பக்கம் போய் அப்படியே நின்றது. "ஐயா, இடது கண்ணுல என்னமோ கருப்பா, திரண்டு..."

"கண்ணை மூடிக்கோ" என்றது நரி.

மூடிக்கொண்டான்.

"இப்ப என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலீங்க."

"அதான் கணிப்பு. ராஜா விழா. பச்சையாகு."

விழா நாள் விடிந்தது. பனை உச்சியில் வண்ணமணி தளிர் வெற்றிலைபோல் இளம்பச்சையாக மின்னினான். ஏரிக்குள் பந்தல், பந்தி, தோரணம். காட்டில் இருந்த அத்தனை விலங்கும் ஏரிக்குள் வந்து நின்றது. மேட்டின் அடிவாரத்தில், கூட்டில் உட்கார்ந்திருந்த பேச்சி தலையைத் தூக்கிப் பனையைப் பார்த்தாள்.

"என்னங்க! பச்சையா இருக்கான்!"

"நல்லதுதானே? இன்னைக்கு ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம்" என்றான் முத்திருளன்.

"யார் சொல்றது? அவன்தானே? வேலைக்குச் சேந்ததுலேருந்து ஒரு நாள்கூட அவன் சொன்னது பலிச்சதில்லை. இன்னைக்குன்னு பாத்துத் திருந்திடுவானா? முட்டைய உருட்டுங்க!"

"எங்கே?"

"மேல!"

முட்டைக்குள் குஞ்சுகள் கீச்சிட ஆரம்பித்துவிட்டன. இன்றோ நாளையோ ஓட்டை உடைக்கும் நேரம். விட்டுவிட்டு ஓட இனி அவளால் முடியாது. இந்த ஈடும் போனால் அவள் உயிரோடு இருந்து என்ன பயன்? இருவரும் அலகாலும் நெஞ்சாலும் தள்ளித் தள்ளி, ராஜாவுக்காக விரித்த கோரைப்பாயின்மேல் முட்டைகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார்கள். ராஜாவின் சிலைக்காக விட்ட குழி, நாலு முட்டைக்கும் அளவெடுத்ததுபோல் இருந்தது.

அங்கே நின்றுகொண்டு பேச்சி தொண்டை கிழியக் கத்தினாள். "எல்லாரும் மேட்டுப்பாறைக்குப் போயிடுங்க! புயல் வருது! வண்ணமணி பச்சையா இருக்கான் பாருங்க!"

"பச்சையா இருந்தா எதுக்குடி ஓடணும்?" என்றது ஒரு மான். "தள்ளிப் போ, பாயசம் வரப்போகுது."

ராஜா மாலையோடு வந்து கோரைப்பாயில் முதல் அடியை வைத்தார். பாய் அவர் காலுக்கடியிலிருந்து பறந்து போனது. அடுத்து பந்தல் பறந்தது. அதற்கடுத்து காற்று நேரத்தை வீணாக்காமல் கூட்டத்தையே தூக்க ஆரம்பித்தது. கடல் பக்கத்திலிருந்து வானம் முழுவதும் கருத்து வந்து ஏரிக்குள் கொட்டியது. ஏரி எத்தனையோ வருஷத் தாகத்தை அன்றே தீர்த்துக்கொண்டது. மான்கள் மேட்டுப்பாறைக்கு நீந்தின. ராஜா ஒரு கருவேல மரத்தில் தொங்கினார். அது முள் மரம் என்பதை ஏறிய பிறகே கவனித்தார். பனையிலிருந்து பிய்த்து எறியப்பட்ட வண்ணமணி, கல்மேட்டின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு சேற்றுச் சாம்பலாக மாறியிருந்தான். அவன் நிறமும் வானத்தின் நிறமும் ஒத்துப்போனது அன்றுதான்.

தண்ணீர் ஏறியது. மேட்டின் இடுப்புவரை வந்தது, கழுத்துவரை வந்தது. பேச்சி சிறகை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டு கண்ணை மூடவே இல்லை. வராத புயல் ஒவ்வொன்றுக்கும் அவள் போட்ட கல்லும், அந்தப் பொய்யை நம்பிக் காடு போட்ட கல்லும் சேர்ந்து அவளைத் தண்ணீருக்கு மேல் தாங்கி நின்றன. குழிக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றுவிட்டது. அந்தப் பேய்க்காற்றுக்கு நடுவே முதல் முட்டை விரிசல் விட்டது.

"பொறந்துட்டான் புள்ள!" என்று கத்தினான் முத்திருளன். பேச்சி சிரித்தாளா அழுதாளா என்று மழையில் தெரியவில்லை.

புயல் ஓய்ந்ததும் மேட்டுப்பாறையில் விசாரணை நடந்தது. ராஜா உடம்பெல்லாம் முள்ளோடு உட்கார முடியாமல் நின்றார்.

முதலில் வண்ணமணியை அழைத்தார்கள். "நான் ஆரம்பத்துலேருந்து புயல் வரும் புயல் வரும்னுதானே சொல்லிட்டு வந்தேன்?" என்றான் அவன். "வந்துச்சா இல்லையா? கொஞ்சம் மெதுவா வந்திருக்கு, அவ்வளவுதான். தொலைநோக்குக் கணிப்புன்னா முன்னப்பின்னத்தான் இருக்கும்."

நியாயமாகப் பட்டது. அவனுக்கு 'தொலைநோக்குத் திலகம்' என்று பட்டம் கொடுத்தார்கள்.

அடுத்து பேச்சி. வானிலை அறிவிப்பாளர் பச்சை காட்டியிருக்கும்போது, விழா மேட்டில் ஏறி நின்று "புயல் வருது" என்று கத்தியது அவள் ஒருத்திதான். கத்தி முடிப்பதற்குள் புயல் வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

"கருநாக்கு!" என்றது நரி.

"கருநாக்கு!" என்று மான்கள் அலறின. "இவ வாய வச்சதாலதான் வந்துச்சு!"

நல்ல காட்டைக் கெடுத்த குற்றத்துக்காகப் பேச்சியையும் குடும்பத்தையும் காட்டைவிட்டு ஒதுக்கிவைத்தார்கள். நாலாபுறமும் தண்ணீர் சூழ்ந்த அந்தக் கல்மேட்டிலேயே அவர்கள் கிடக்க வேண்டும், யாரும் அங்கே போகக் கூடாது என்று ராஜா தீர்ப்பளித்தார். தீர்ப்பைக் கேட்டு வாய்விட்டு அழுதது கீரி ஒன்றுதான். அதற்கு நீச்சல் தெரியாது.

சில நாள் கழித்து வண்ணமணி மறுபடியும் பனையில் ஏறினான். அடிவயிற்றிலிருந்து சிவந்தான். கரையில் ஒரே கூச்சல். குட்டியும் மூட்டையுமாக எல்லோரும் முகாமுக்கு ஓடினார்கள். இந்த முறை புயலுக்குப் பெயர் வைத்தது நரி. 'பேச்சி' என்று வைத்தது.

கல்மேட்டில் முத்திருளன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். "சிவந்துட்டான் புள்ள, நல்லா ரத்தச் சிவப்பு."

"அப்பாடா" என்றாள் பேச்சி. "பிள்ளைங்கள எழுப்புங்க, வெயில்ல விடலாம்."

நீதி: எப்போதாவது சரியாகச் சொல்பவரை நம்பினால் நடுத்தெருவில் நிற்க நேரிடும். ஒரு நாளும் மாறாமல் தப்பாகவே சொல்பவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அவரைவிட நம்பகமானவர் உலகத்தில் கிடையாது.