குத்தக் குத்த இறுகும் தகடு

“இருநூத்தி நாலு.”

சோதனைக்கூடத்தில், தகட்டைக் குத்திக் குழி போட்டு அதன் கெட்டித்தன்மையை அளக்கும் கருவி காட்டிய எண்ணை மாமனார் வாசித்தார். இருநூற்றைத் தாண்டினால் தகடு அளவுக்கு மீறிய கெட்டி. வளைத்துத் தொட்டி செய்யும்போது விரிசல் விடும், மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். வேறு யார் சரக்காக இருந்தாலும் அவர் கவலைப்பட மாட்டார். இது மாப்பிள்ளை பட்டறைச் சரக்கு. காலையில் சரக்கு வண்டியில் தானே ஏறி மாதிரித் தகட்டை ஆசையாக எடுத்து வந்திருந்தார் மாமனார்.

“இதுவும் தேறலைன்னா பட்டறையை மூடிட்டு உங்க வீட்டோடயே வந்துடறோம்பா” என்று மகள் சொல்லியிருந்தாள்.

இருப்பதோ இரண்டு அறை. மாப்பிள்ளையின் குறட்டைக்கே ஒன்று போதாது.

“இன்னொரு தடவை பார்த்துடுவோம்.” கருவியின் வைர முனையை முதல் குழியை ஒட்டினாற்போல் இறக்கினார். கருவி புதுக்குழியை அளந்து, இருநூற்றுப் பத்தொன்பது என்றது.

“என்னம்மா இது, ஏறுது?”

பக்கத்து மேசைக்காரி நிமிரவே இல்லை. “குழி விழுந்தா சுத்தி இருக்கிறதும் நசுங்கி இறுகிடும். அங்கேயே குத்தினா ஏறாம என்ன செய்யும்? தள்ளிக் குத்துங்கண்ணே.”

“எனக்கே பாடமா? உனக்கு இதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான்.”

“அதான் திருப்பித் தர்றேன்.”

மேல்தோலில்தான் கோளாறு என்று தோன்றியது. தகட்டைப் பிடிப்பானில் இறுக்கி, மூச்சு வாங்க அரத்தால் ராவினார். தள்ளி ஒரு மூலையில் குத்தினார். இருநூற்று முப்பத்தெட்டு.

“அழுத்தி ராவினாலும் இறுகும்ணே.”

பிடிப்பானில் தகடு லேசாக வளைந்திருந்தது. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி நிமிர்த்தினார். இருநூற்று எழுபத்தொன்று.

“அண்ணே, நீங்க சோதனை பண்ணலை. அதைப் போட்டு அடிச்சுப் பயில்வானாக்கிட்டிருக்கீங்க.”

“முதல் எண்ணையே வச்சுக்குவோமா?”

“அதுவும் நாலு கூடத்தானே?”

கூடத்தான். பொய்யாகத் தேற்றிவிட்டால் நாளைக்குத் தொட்டி வெடித்து யார் தலையிலாவது விழும். பல்லைக் கடித்துக்கொண்டு, தேறவில்லை என்று கையெழுத்துப் போட்டார். மகளுக்குப் போன் செய்தார்.

அவள் அழவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. “சரிப்பா. வண்டியில சாமானை ஏத்திடறேன்” என்றாள்.

சாயங்காலம் அவர் வீடு வந்து சேர்ந்தபோது வாசலை அடைத்துக்கொண்டு நின்றது அதே சரக்கு வண்டி. கூடத்தில் கட்டில், கட்டில்மேல் பீரோ, பீரோமேல் மின்விசிறி. மாப்பிள்ளை இரண்டு தலையணைகளைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.

“மாமா, எங்களுக்கு எந்த ரூம்?”

மாமனார் வாயைத் திறப்பதற்குள், வியர்வையைத் துடைத்துக்கொண்டே டிரைவர் வந்தார்.

“ஐயா, காலையில நான் டீ குடிக்கப் போனப்ப வண்டியிலேர்ந்து ஒரு தகடு எடுத்துட்டுப் போனீங்களாமே, தினம் ஜாக்கிக்கு அடியில வண்டி பாரத்தையே தாங்குற தகடு அது, அதைக் குடுத்துடுங்க, சோதனைக்குன்னு உங்க மாப்பிள்ளை குடுத்தனுப்பின தகடு என் சீட்டுக்கு அடியில அப்படியே இருக்கு, எடுத்துக்குங்க.”