செத்தவர் பெயரில் மூன்று ஓட்டு

ஒரே மதியத்தில் மூன்று கள்ள ஓட்டுப் போட்டவன் நான். அதுவும் அமெரிக்காவில், அதுவும் செத்துப்போன ஒருவர் பெயரில். மறைத்துப் பயனில்லை. வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்த கால் மணி நேரத்துக்குள் நானே இதை ஒரு அரசாங்க அதிகாரியிடம் ஒப்புக்கொண்டும் விட்டேன்.

என் கூச்சத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் கழித்து, ஊரில் முதல் முறையாக ஓட்டுப் போடப் போனேன். "உங்க ஓட்டப் போட்டுட்டாங்களே தம்பி" என்றார் அங்கே உட்கார்ந்திருந்தவர். என் பெயருக்கு நேராக யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். (என் கையெழுத்தைவிட எவ்வளவோ அழகு.) வேறொருவன் என்றால் ரகளை செய்திருப்பான். நான் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

மனைவி சுமதியின் வேலையால் நியூ ஜெர்ஸிக்கு வந்தோம். அவளுக்கு மருந்துக் கம்பெனி. எனக்கு ஐசலின் என்ற ஊரில் ஒரு மளிகைக் கடையின் பின்பக்கம் பருப்பு மூட்டை அடுக்கும் வேலை. பருப்பு மூட்டை எதுவும் கேட்காது என்பதால் எனக்குப் பொருத்தமான வேலை. நாற்பத்தாறு வயதில் சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை செய்தபோது எனக்கு இருந்தது ஒரே ஆசை. சாவதற்குள் என் பெயரில் நானே ஒரு ஓட்டுப் போட்டுவிட வேண்டும்.

இன்டர்வியூவுக்குப் பத்து நாள் இருந்தது. அப்போதுதான் ஹைஸ்கூலில் படிக்கும் மகள் நித்யா வந்து நின்றாள். ஆற்றங்கரையில் ஒரு பழைய ஊர். அங்குள்ள சரித்திர ஆர்வலர்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நாடகம் போடுகிறார்கள். அதில் அவளும் ஒரு வாலன்டியர். கூட்டத்தில் நிற்க ஆள் போதவில்லையாம்.

"அப்பா, லைன்ல நின்னா போதும். நோ டாக்கிங்."

பேச வேண்டாம் என்றதும் ஒப்புக்கொண்டேன்.

காரில் போகும்போது கதையைச் சொன்னாள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அந்த ஊரை ஒரு 'பாஸ்' ஆண்டிருக்கிறார். மேயர் இல்லை, எந்தப் பதவியும் இல்லை. ஆனால் குளிருக்குக் கரி, வேலை, சவ அடக்கச் செலவு என்று ஏழைகளுக்கு எல்லாம் அவர் கையிலிருந்துதான். சாக்கடை, ரோடு என்று எல்லா கான்ட்ராக்டிலும் அவருக்குப் பங்கு. பதிலுக்கு மக்கள் ஓட்டுப் போட வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் போதாதபோது அவருடைய ஆட்கள் கல்லறைக் கற்களில் இருந்து பெயர்களை எழுதி எடுத்துக்கொள்வார்கள். தாடிக்காரன் ஒருவன் செத்தவன் பெயரில் ஓட்டுப் போடுவான். தாடியை எடுத்துவிட்டு மீசையோடு வந்து மறுபடி போடுவான். மீசையையும் எடுத்துவிட்டு மூன்றாவது முறை வருவான்.

"நம்ம ஊர்ல மீசைகூட எடுக்க மாட்டாங்கம்மா" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் மதியம் மூன்று மணி. தூறல். பனிமூட்டத்தில் கற்கள் வரிசையாக நின்றன, ஏதோ க்யூ மாதிரி. என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். 'டெனிஸ் ஃபேலன்.' என் பக்கத்துக் கல்லிலும் அதே பெயர். மேலே கை உடைந்த ஒரு தேவதை. கீழே வயது நாற்பத்தாறு. என் வயதேதான்.

ஒட்டுத் தாடியுடன் முதல் ஓட்டு. மர மேஜைக்குப் பின்னால் கறுப்புத் தொப்பி வைத்த கிளார்க் பெயரைக் கேட்டார். சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாதவனைப் போல நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். தாடியைப் பிய்த்துவிட்டு இரண்டாவது ஓட்டு, இரண்டாவது குறி.

அடுத்தது நாவிதர் நாற்காலி. நிஜமாகவே நாவிதராக இருந்து ரிடையரான ஒரு வெள்ளைக்காரக் கிழவர், சோப்பு நுரையும் கத்தியுமாக என் முன் குனிந்து ஏதோ கேட்டார். புரியாத ஆங்கிலம் எதற்கும் என் பதில் ஒன்றுதான். "யெஸ், யெஸ்."

குளிர்ந்த கத்தி உதட்டின் மேல் பட்டபோதுதான் புரிந்தது, அவர் கேட்டது என் சொந்த மீசையை. அதற்குள் இடது பாதி போயிருந்தது. வலது பாதியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கண்ணை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது முறை மேஜைக்குப் போனேன். கிளார்க் நிமிர்ந்து என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மிஸ்டர் ஃபேலன், யூ ஹேவ் ஆல்ரெடி வோட்டட்."

நோட்டைப் பார்த்தேன். என் இரண்டு பெருக்கல் குறிக்குக் கீழே, டெனிஸ் ஃபேலன் என்று முழுக் கையெழுத்து. அவ்வளவு அழகு. கிளார்க்கே என் ஓட்டுச் சீட்டை வாங்கிப் பெட்டிக்குள் போட்டார். நான் "சரிங்க" என்றேன். தமிழில்.

திரும்பும்போது கூச்சத்தில் அந்தக் கல்லைப் பார்த்து "வரேன்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

கதவைத் திறந்த சுமதி அலறிவிட்டாள். "சுடுகாட்டுக்குப் போயிட்டு மீசைய எடுத்துட்டு வந்து நிக்கறீங்க! யாருக்குக் காரியம் பண்ணிட்டு வரீங்க?"

"டெனிஸ் ஃபேலனுக்கு" என்றேன்.

"வரேன்னு கிரேன்னு எதுவும் சொல்லிட்டு வரலையே?"

நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். தலைக்குக் குளித்த பிறகே உள்ளே விட்டாள். சாப்பிடும்போது நித்யா சொன்னாள்: "ஆல்ரெடி வோட்டட்னு ஸ்கிரிப்ட்ல லைனே இல்லப்பா. கிளார்க் அங்கிள்கிட்ட கேட்டேன். நீ டூ டைம்ஸ்தான் வந்தேங்கிறார்."

பத்தாம் நாள் இன்டர்வியூ. "வோட் பண்ணிருக்கீங்களானு கேப்பாங்க. நோன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க" என்று சுமதி ஒரு வாரமாகப் பாடம் நடத்தியிருந்தாள். சிட்டிசன் ஆகாதவன் ஓட்டுப் போட்டிருந்தால் சிட்டிசன்ஷிப் மட்டுமில்லை, கிரீன் கார்டுக்கே ஆபத்து என்றும் சொல்லியிருந்தாள்.

அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. சத்தியம் வாங்கினார். என் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். "நீங்கள்தானா இது? மீசை எங்கே?"

அப்போதுதான் மேஜைமேல் இருந்த அவர் பெயர்ப் பலகை என் கண்ணில் பட்டது. ஃபேலன்.

'வந்துவிட்டார்' என்று மட்டும் தோன்றியது. சத்தியம் செய்தாகிவிட்டது, சம்பந்தப்பட்டவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். "ஓட்டுப் போட எடுத்தேன் மேடம். மூன்று ஓட்டு. செத்தவர் பெயரில். டெனிஸ் ஃபேலன்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழுவதையும் கொட்டிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "அந்தக் கல்லில் தேவதைக்குக் கை உடைந்திருக்கிறதா?"

"யெஸ், யெஸ்."

"என் தாத்தாவுடைய தாத்தா" என்றார். "எங்கள் வீட்டில் சொல்வார்கள். உயிரோடு இருந்தவரை ஒரு தேர்தலில்கூட அவர் ஓட்டுப் போட்டதில்லை. செத்த பிறகு ஒன்றைக்கூட விட்டதில்லை."

நாடகம்தான் என்று அந்த ஆர்வலர்களிடம் கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். அதில் நான் போட்டது இரண்டு ஓட்டு என்று எழுதியிருந்தது. நோட்டில் மூன்று இருக்கிறது, மூன்றாவது யாருடையது என்று தங்களுக்குத் தெரியவில்லை என்று ஒரு வரியும் இருந்தது. அந்த ஒரு வரியால் இரண்டு மாதம் எனக்குத் தூக்கம் இல்லை. பிறகு சிட்டிசன்ஷிப் வந்தது.

அடுத்த நவம்பரில் என் முதல் ஓட்டு. ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் வாக்குச்சாவடி. அங்கிருந்த பாட்டியம்மா என் பெயரைத் தேடிய நேரம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். "நீங்கள் இன்னும் போடவில்லை" என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பெயரை, என் கையால், நிதானமாகப் போட்டேன்.

பின்னால் நின்ற சுமதி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, உங்க கையெழுத்து எப்பலேர்ந்து இவ்ளோ அழகாச்சு?"

அன்றிலிருந்து வீட்டுக்குக் கூரியர் வந்தாலும், ஸ்கூல் ஃபாரம் வந்தாலும், நித்யா பேனாவை நீட்டி "மிஸ்டர் ஃபேலன், ப்ளீஸ்" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே, வேண்டுமென்றே கோணல்மாணலாகக் கையெழுத்துப் போடுகிறேன்.